காசில்தாவின் கடையில் யாரும் சீக்கிரம் எழுவதில்லை

காசில்தா முதன்முதலில் திறந்தது தையல்கடை. சாந்தா மரியா நுபேஸ் ஊரில் இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிப்பார்கள். மெக்சிகோவில் வஹாக்கா நகரத்திலிருந்து வடக்கே மலையேறும் சாலையில், மேகம் வீட்டுக்குள் வந்து போகும் உயரத்தில், பேருந்து நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே அவள் அப்பா கட்டித்தந்த ஒற்றை அறை. உள்ளே ஒரு மிதிதையல் இயந்திரம், இருபத்திரண்டு வயது காசில்தா. அவள் தைத்த சட்டையில் ஒரு கை முழங்கையோடு நிற்கும், மற்றது விரலை மூடும். ஊர்த்தலைவர் சுதந்திர தினத்துக்கு அவளிடம் கால்சட்டை தைக்கக் கொடுத்தார். விழா அன்று ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கொடியை ஆட்டினார்.

அப்படியும் கடைக்கு ஆள் குறையவில்லை. காரணம் துணி அல்ல. காத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ளாமல் இருக்க, பின்கட்டு அடுப்பில் அவகாடோ இலை போட்டு வேகவைத்த கறுப்பு பீன்ஸை ஒரு கிண்ணம் நீட்டுவாள். சூடாக இரண்டு சோள ரொட்டியும் தருவாள். நல்ல சட்டையை வேண்டுமென்றே ஆணியில் மாட்டிக் கிழித்துக்கொண்டு வந்தவர்கள்கூட உண்டு.

பக்கத்து வீட்டு எர்லிந்தாதான் ஒருநாள் உண்மையைப் போட்டு உடைத்தாள்.

"உனக்கு ஊசி ஆகாது கொமாத்ரே. கரண்டிதான் ஆகும். அந்த மிஷினைத் தூக்கிப் போட்டுட்டு நாலு நாற்காலியப் போடு."

எர்லிந்தாவின் இரண்டு மகள்களுக்கும் காசில்தாதான் ஞானத்தாய். அதனால் இருவரும் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'கொமாத்ரே' என்றே கூப்பிடுவார்கள், சண்டையிலும் அதே பேர்தான். காசில்தா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். எட்டாம் நாள் இயந்திரத்தின் தலையைக் கழற்றி விற்றுவிட்டு, அதன் இரும்புக் கால் மேல் பலகை அறைந்து முதல் சாப்பாட்டு மேசையைச் செய்தாள். ரொட்டிக்கல்லின் முன்னால் எர்லிந்தா உட்கார்ந்தாள். இருபத்தொன்பது வருடம் அங்கிருந்து எழவில்லை.

ஆறு மேசை. மதியம் ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரை ஒரே சாப்பாடு. முதலில் சூப், பிறகு சாதம், பிறகு அன்றைய குழம்பு, கடைசியில் பீன்ஸ். குடிக்கச் செம்பருத்தித் தண்ணீர். ஒன்று முடியாமல் இன்னொன்று வராது. "எல்லாத்தையும் ஒண்ணாக் கொண்டுவாங்க" என்று அவசரப்படுகிறவனைப் பார்த்து, "ஒரே நாள்ல கல்யாணமும் கருமாதியும் பண்ணிக்குவியா?" என்று கேட்பாள்.

காரம் விஷயத்தில் அவள் வாயை நம்பக்கூடாது என்பது ஊருக்கே தெரியும். "கொஞ்சம் காரம்" என்றால் நெற்றி வியர்க்கும். "காரமில்லை" என்றால் கண்ணில் நீர் முட்டும். "சுத்தமா இல்லை, குழந்தைகூடச் சாப்பிடும்" என்று அவள் சொல்லிவிட்டால், பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் தண்ணீர்க் கூஜாவை அந்த அப்பாவியின் பக்கம் நகர்த்தி வைப்பார்கள். ஏமாற்ற வேண்டுமென்று அவள் சொல்வதில்லை. உண்மையிலேயே அவள் நாக்குக்கு அது காரமில்லை.

மற்றபடி அவள் கேட்பது ஒன்றே ஒன்று. சாப்பிட்டு முடித்தவர் உடனே எழுந்து போகக்கூடாது. தட்டு போன பிறகும் மேசையில் இருக்க வேண்டும், நாலு வார்த்தை பேச வேண்டும், காப்பி குடிக்க வேண்டும். அந்த நாட்டில் இது எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். காசில்தா அதை மதக்கட்டளை மாதிரி ஆக்கிவிட்டாள். "வயித்துல போட்டது போதுமா? மனசுல ஒண்ணும் போட வேண்டாமா?" என்பாள். சாப்பிட்டவர் கேட்காமல் கடைக்காரரே போய் இவ்வளவு ஆச்சு என்று கணக்குச் சொல்வது அவளுக்கு விருந்தாளியை வாசலுக்குத் தள்ளுகிற காரியம்.

இந்தக் கட்டளைக்கு அடங்காத ஒரே ஆள் எலியோதோரோ.

பேருந்து ஓட்டுநர். வாரத்தில் ஐந்து நாள், மதியம் இரண்டு மணிக்கு நகரத்திலிருந்து வந்து இருபத்தைந்து நிமிடம் நிற்பான். பயணிகள் மேசைகளில் உட்கார, அவன் எர்லிந்தாவின் கல்லுக்கு அருகே நின்றபடியே ரொட்டியில் எதையாவது சுருட்டி ஆறு கடியில் முடிப்பான். முடித்ததும் கை துடைத்து, தொப்பியைத் தூக்கி, கடை முழுவதையும் பார்த்து, "எல்லாருக்கும் உடம்புல ஒட்டட்டும்!" என்பான். சாப்பிடுகிறவர்களைப் பார்த்துச் சொல்லும் அந்த ஒரு மரியாதையை மட்டும் பதினோரு வருடத்தில் ஒருநாளும் மறந்ததில்லை. பிறகு வண்டியில் ஏறி ஹாரன் அடிப்பான். பாதிச் சாதத்தில் பயணிகள் ஓடுவார்கள்.

"நாய்க்குக்கூட எலும்பக் கடிக்க நேரம் குடுப்பாங்க டிரைவரே!" என்று காசில்தா வாசலில் நின்று கத்துவாள்.

"மலை காத்திருக்காது தோன்யா!" என்று அவனும் பதிலுக்குக் கத்துவான். பெரிய மனுஷிகளை அங்கே மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"மனுஷனா அது? கடிகாரத்துக்கு மீசை வச்சிருக்கு" என்று உள்ளே வந்து முனகுவாள். எர்லிந்தா மாவைத் தட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பாள். பதினோரு வருடமாக ஒரே ஆளைத் திட்டுகிறவளுக்கு அவன் மேல் வெறுப்பு இருக்க முடியாது என்பது அவள் கணக்கு.

மலைக்குச் செல்பேசி வந்து சேராத காலம். ஒரு செப்டம்பர் புதன்கிழமை, மூன்று நாள் மழைக்குப் பிறகு, பேருந்து வந்து நின்ற கொஞ்ச நேரத்தில் மேலே பெரிய சத்தம் கேட்டது. ஊருக்கு வடக்கே மலைச்சரிவு சாலையோடு இறங்கியிருந்தது. அரை மணியில் தெற்கேயும் ஒரு சரிவு. யாருக்கும் அடியில்லை. ஆனால் நாற்பத்தொரு பயணிகளும் ஒரு பேருந்தும் ஊரில் மாட்டிக்கொண்டார்கள். ஊர்த்தலைவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நாளை மதியத்துக்கு முன் வழி திறக்காது என்றார்.

காசில்தா அன்று முப்பது பேருக்குத்தான் சமைத்திருந்தாள். சட்டியை எட்டிப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள்.

"கொமாத்ரே, மாவு எவ்வளவு இருக்கு?"

"உனக்கும் எனக்கும் போதும்."

"அப்ப ஊரைக் கூப்பிடு."

எர்லிந்தா தெருவில் இறங்கி ஒரு குரல் கொடுத்தாள். பதினைந்து நிமிடத்தில் முந்தானை நிறையப் பூசணிப்பூவும் முட்டையும் வந்தன. ஒருத்தி நூல் நூலாகப் பிரியும் பாலாடைக்கட்டியைப் பந்தாகச் சுருட்டிக் கொண்டுவந்தாள். முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி ஒரு கூடை. ரொட்டிக்காரர் மறுநாள் விழாவுக்கு வைத்திருந்த மஞ்சள்கரு ரொட்டியைக் கூடையோடு இறக்கிவிட்டு, "சாமி கோவிச்சுக்க மாட்டார், அவரும் பயணம் பண்ணினவர்தான்" என்றார்.

பயணிகளில் ஒரு வெளிநாட்டுக்காரி இருந்தாள். நெடுநெடுவென்ற உயரம், வெயிலில் சிவந்த மூக்கு, நார்வேக்காரி, பெயர் ஆஸ்த்ரி. கையகல அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு பேசினாள். பூசணிப்பூவும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்த ரொட்டி வந்ததும் முள்கரண்டியும் கத்தியும் கேட்டாள். கடையே திரும்பிப் பார்த்தது. எதிரே இருந்த கழுதை வியாபாரி எழுந்து வந்து, தன் ரொட்டியை எடுத்து, கழுத்தை ஒருபக்கம் சாய்த்துக் கடித்துக் காட்டினார்.

"பாத்தியாம்மா? தலைதான் சாயணும். ரொட்டி சாயக்கூடாது. சாஞ்சா உள்ள இருக்கிறது உன் மடிக்குப் போயிடும், மடி சாப்பிடாது."

ஆஸ்த்ரி கழுத்தைச் சாய்த்தாள். சரியாக வந்தது. கடையே கைதட்டியது. அவள் தைரியம் பெற்று, பச்சைச் சாறு இருந்த கிண்ணத்தைக் காட்டி, காரமா என்று கேட்டாள்.

"சுத்தமா இல்லை தாயி, குழந்தைகூடச் சாப்பிடும்."

மூன்று கூஜாக்கள் ஒரே நேரத்தில் நகர்ந்தன. அவள் ஒரு கரண்டி நிறைய ஊற்றிச் சாப்பிட்டாள். மூக்கின் சிவப்பு காதுவரை ஏறியது. இருமினாள், அழுதாள், அகராதியைப் புரட்டினாள். கடைசியில் தேடிய வார்த்தை கிடைத்ததும் நிமிர்ந்து, "பொய்!" என்றாள். காசில்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆஸ்த்ரியும் கண்ணீரோடு சிரித்தாள். பிறகு இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள். அந்த இரண்டாவது கரண்டியைத்தான் ஊரார் பெரிதாகப் பேசினார்கள்.

இவ்வளவு அமர்க்களத்திலும் எலியோதோரோ வெளியே பேருந்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். சக்கரத்தை உதைத்தான். கண்ணாடியைத் துடைத்தான். இருபத்தைந்து நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தும், கை தன்னால் போய், ஹாரனை அடித்துவிட்டது.

காசில்தா வாசலுக்கு வந்தாள்.

"யாரைக் கூப்பிடுறீங்க? மலையையா?"

அவன் தொப்பியைக் கழற்றினான். "பழக்கம் தோன்யா."

"உள்ள வாங்க. நாற்காலி கடிக்காது."

சூப், சாதம், குழம்பு, பீன்ஸ், எல்லாம் வரிசையாக அவன் முன்னால் வந்தன. பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவன் அந்தக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டான். நாலையும் ஏழு நிமிடத்தில் முடித்தான். எழப் போனவனின் தோளில் காசில்தா கரண்டியை வைத்தாள்.

"எங்க?"

"முடிச்சிட்டேனே."

"சாப்பாடு முடிஞ்சது. மதியம் முடியல. இருங்க."

அவன் இருந்தான். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மேசை மேல் வைத்தான், மடியில் வைத்தான், உப்புக் குப்பியை நகர்த்தினான். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே உட்காரவைத்த பையன் மாதிரி இருந்தான். பார்க்கப் பாவமாகிவிட்டது எர்லிந்தாவுக்கு.

"ஏன் டிரைவரே, இப்படி முழுங்குறீங்களே, பின்னால யாராவது துரத்துறாங்களா?"

"பத்துப் பேர் துரத்துறாங்க" என்றான் அவன். "எங்க வீட்டுல நாங்க பதினோரு பிள்ளைங்க. ஒரே சட்டி. அம்மா சட்டிய நடுவுல வச்சிட்டுக் கையெடுக்கிறதுக்குள்ள பாதி காலி. மெதுவாத் தின்னவன் சட்டிய வழிச்சு நக்கணும். நான் ஒன்பதாவது. எனக்குக் கை எட்டவே அஞ்சு வயசாச்சு."

அடுத்த மேசையில் சிரிப்பு கிளம்பியது. அவன் திரும்பிப் பார்த்தான். அவர்கள் கேலி செய்யவில்லை, இன்னும் கேட்க ஆசைப்பட்டார்கள். ஒருமுறை அண்ணன்மாரை ஏமாற்ற, சாப்பாட்டு நேரத்தில் கூரைமேல் ஏறி "பன்னி ஓடுது!" என்று கத்தியதைச் சொன்னான். எல்லாரும் பன்றியைப் பிடிக்க ஓட, இவன் இறங்கிச் சட்டியருகே வந்தால், அங்கே அப்பா உட்கார்ந்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தாராம். "அப்பா, பன்னி ஓடலேன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று இவன் கேட்டானாம். "நம்மகிட்ட ஏதுடா பன்னி?" என்றாராம்.

கழுதை வியாபாரிக்குப் புரையேறிவிட்டது. ஆஸ்த்ரிக்கு யாரோ மொழிபெயர்க்க, எல்லாரும் சிரித்து ஓய்ந்தபின் அவள் மட்டும் தனியாகச் சிரித்தாள். அதற்கு மறுபடி எல்லாரும் சிரித்தார்கள். வெயில் சாயும் வரை எலியோதோரோ பேசினான். சாக்லேட்டைத் தண்ணீரில் கரைத்து நுரைக்க நுரைக்கக் கடைந்து, ரொட்டியோடு எல்லாருக்கும் கொடுத்தாள் காசில்தா. அவன் மற்றவர்களைப் பார்த்து ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்து நனைத்து, மெதுவாகத் தின்றான். தின்றுகொண்டே அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"பதினோரு வருஷமா வரேன் தோன்யா. நீங்க உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லையே."

"நான் உட்கார்ந்தா யார் பரிமாறுறது?" என்று சொல்லிவிட்டுக் காசில்தா சமையல்கட்டுக்குள் போனாள். அங்கே வேலை ஒன்றும் இல்லை. காலிச் சட்டியை எடுத்து மறுபடி கழுவினாள்.

பயணிகளை ஊரார் வீட்டுக்கு இரண்டு பேர் மூன்று பேராகக் கூட்டிப்போனார்கள். மறுநாள் மதியம் வழி திறந்தது. ஆஸ்த்ரி காசில்தாவைக் குனிந்து கட்டிக்கொண்டு, அகராதியில்லாமல், "உடம்பில் ஒட்டட்டும்" என்றாள். அது போகும்போது சொல்லும் சொல்லென்று நினைத்துவிட்டாள். தப்புமில்லை.

அதற்குப் பிறகு எலியோதோரோ நிற்கவில்லை, உட்கார்ந்தான். இருபத்தைந்து நிமிடம் நாற்பதானது. பயணிகள் யாரும் குறை சொல்லவில்லை. சொல்ல வந்தவர்கள் வாயில் குழம்பு இருந்தது. பிறகு விடுமுறை நாளிலும் வர ஆரம்பித்தான், வேறொருவன் ஓட்டும் பேருந்தில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. வருவான், சாப்பிடுவான், ஆறு மேசையும் காலியாகும் வரை உட்கார்ந்திருப்பான். ஒன்றும் சொல்லாமல் கடைசிப் பேருந்தில் போவான். இப்படி ஜனவரியும் போனது, பிப்ரவரியும் போனது.

மார்ச்சில் ஒரு ஞாயிறு, எர்லிந்தாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"டிரைவரே, எரிமலைகூட வெடிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் புகை விடும். நீங்க என்னத்துக்கு இப்படி உட்கார்ந்திருக்கீங்க?"

"கொமாத்ரே!" என்று அதட்டினாள் காசில்தா. கையில் துடைக்கும் துணி. அவன் மேசையை அவள் துடைத்து முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. இன்னும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எலியோதோரோ தொப்பியை மடியில் சுற்றினான்.

"எனக்கு எழுந்திரிக்க மனசில்ல தோன்யா."

"நான் எழுந்திரிக்கச் சொன்னேனா?"

"இன்னிக்கு மட்டும்னு சொல்லல. எப்பவுமே."

கல்லில் ஒரு ரொட்டி கருகியது. இருபத்தொன்பது வருடத்தில் எர்லிந்தா கருகவிட்ட முதல் ரொட்டி அது. காசில்தா துணியை நாலாக மடித்தாள், பிறகு எட்டாக மடித்தாள்.

"எனக்கு ஐம்பத்தொண்ணு ஆகுது" என்றாள்.

"எனக்கு ஐம்பத்தாறு. அவசரமில்ல."

"அவசரமில்லையாம்! கேட்டியா கொமாத்ரே, யார் சொல்றாங்கன்னு?" என்று காசில்தா சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. அவனுக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்த பிறகுதான் அவளால் மூச்சுவிட முடிந்தது. அதுதான் சம்மதம். வேறு வார்த்தை ஒன்றும் அவள் சொல்லவில்லையென்று எர்லிந்தா பின்னால் ஊருக்கெல்லாம் சாட்சி சொன்னாள்.

கல்யாணம் மே மாதம். முந்நூறு பேருக்குக் கறுப்பு மோலே, மிளகாயும் எள்ளும் வறுத்து அரைத்த கல்யாணக் குழம்பு. அங்கேதான் பெரிய சண்டை வந்தது.

கல்யாணப்பெண் அடுப்பைத் தொடக்கூடாது. இது அந்த ஊர் வழக்கம். காசில்தாவுக்கோ தன் மோலேயை வேறு கை கிண்டுவதென்றால், தன் தலையை வேறு கை சீவுவது மாதிரி. முந்தின நாள் காலை ஆறு மணிக்கே எழுந்து முற்றத்துக்குப் போனாள். பதினான்கு பெண்கள் அடுப்பைச் சுற்றிச் சுவர் கட்டியிருந்தார்கள். எர்லிந்தா நடுவில், கையில் படகுத்துடுப்பு அளவுக்குக் கரண்டி.

"மிளகாய் வறுக்கிறதை மட்டும் பாத்துட்டுப் போறேன்."

"கண்ணாடி பாத்துக்கோ போ. அங்க வேலை நிறைய இருக்கு."

அவளைப் பிடித்து எர்லிந்தா வீட்டு மாடி அறையில் விட்டுக் கதவைப் பூட்டினார்கள். பூட்டினால் அடங்குகிற ஆளா? சன்னலைத் திறந்து மூக்கை நீட்டினாள். மிளகாய் கருகும் புகை தெருவெல்லாம் பரவி, மாதா கோயிலில் பாதிரியார் தும்மியது வரை கேட்டது.

"எள்ளு போதும்! எள்ளை இறக்கு!" என்று மேலிருந்து கத்தினாள்.

"எள்ளு இன்னும் போடவேயில்லடி!" என்று கீழிருந்து பதில் வந்தது.

"வாழைப்பழத்தை எண்ணெயில வாட்டினியா?"

"உன்னைத்தான் வாட்டணும்!"

மாலைக்குள் அவள் தொண்டை கட்டிவிட்டது. மறுநாள் பூசையில் "சம்மதம்" என்ற சொல் தவளைக் குரலில்தான் வந்தது. மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

பந்தலின் கீழ் நீள மேசை. பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில். எர்லிந்தாவே தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்: வான்கோழித் தொடை, அதன்மேல் கரிய பளபளப்பாக மோலே, மேலே எள். முந்நூறு பேரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். காசில்தா ரொட்டியைப் பிய்த்தாள், தோய்த்தாள், வாயில் வைத்தாள். மென்றாள். நெடுநேரம் மென்றாள்.

"என்ன கொமாத்ரே?" எர்லிந்தா குனிந்து அவள் வாயையே பார்த்தாள்.

"என்னோடதைவிட நல்லா இருக்குடி பாவி."

சொன்னதும் அவள் கண் கலங்கியது. கொஞ்சம் பொறாமை இருந்தது. அவளே பிறகு அதை ஒத்துக்கொண்டாள். ஆனால் அதற்கு மேல், வேறொன்று. தன் முன்னால் ஒருவர் தட்டு வைப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. சூடு ஆறுவதற்குள் ஓட வேண்டியதில்லை. மூன்றாவது மேசைக்குத் தண்ணீர் போனதா என்று பார்க்க வேண்டியதில்லை. ஒருமுறை பழக்கத்தில் எழப் பார்த்தாள். எலியோதோரோ அவள் மணிக்கட்டின்மேல் கை வைத்தான். அவ்வளவுதான். அவள் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். மூன்றாம் முறையும்.

பிறகு வாத்தியக்காரர்கள் ஊத ஆரம்பித்தார்கள். ஊர்க் கல்யாண வழக்கப்படி, கழுத்தில் பூமாலையும் அலகில் ஒரு சிகரெட்டும் செருகிய உயிருள்ள வான்கோழியை எர்லிந்தாவின் மூத்த மகள் தோளில் தூக்கிக்கொண்டு ஆட, ஊரே பின்னால் ஆடியது. வான்கோழி நடுவில் மாப்பிள்ளையின் புதுத் தொப்பியின்மேல் தன் ஆசீர்வாதத்தை இறக்கியது. அது அதிர்ஷ்டமென்று பெரியவர்கள் உடனே தீர்ப்பளித்தார்கள்.

மறுநாள் மிச்சச் சாப்பாடு. கல்யாணத்தைவிட அதுதான் ருசியென்று அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். இரவெல்லாம் ஊறிச் சுண்டிய மோலேயை எர்லிந்தா சுடவைக்க, ஊரார் தூக்குச்சட்டியோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மணிக்குப் பேருந்து வந்தது. புது ஓட்டுநர், இருபத்தேழு வயது. மூடியிருந்த கடையைப் பார்த்துத் திகைத்து நின்றான். பயணிகள் பசியோடு எட்டிப் பார்த்தார்கள்.

காசில்தா பந்தலிலிருந்து கட்டின குரலில் கத்தப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. கணவனை இடித்தாள்.

எலியோதோரோ எழுந்து நின்று கையை விரித்தான். "எல்லாரும் இறங்குங்க! இங்க வாங்க! கல்யாண வீடு!"

முப்பத்தெட்டு பேர் இறங்கினார்கள். யார் கல்யாணம் என்றுகூடக் கேட்காமல் சிலர் பெண்ணைக் கட்டிக்கொண்டு வாழ்த்தினார்கள். ஒரு கிழவர் தன் பையிலிருந்து இரண்டு மாம்பழத்தை எடுத்துப் பரிசாகக் கொடுத்தார். சிப்பாய் ஒருவன் எர்லிந்தாவின் இளைய மகளோடு இரண்டு பாட்டுக்கு ஆடினான். அந்தக் கதை வேறு. பேருந்து கிளம்பும்போது மணி ஐந்தே கால். ஒவ்வொருவர் கையிலும் ரொட்டியில் சுற்றிய கறித்துண்டு, வழிக்கு. புது ஓட்டுநர் மட்டும் மடியில் ஒரு தூக்குச்சட்டி வைத்திருந்தான். மலைக்கு அப்பால் இருக்கும் அவன் அம்மாவுக்கென்று காசில்தா கொடுத்தது. வளைவுகளில் அது சிந்திவிடுமென்று பயந்து, அன்று அவன் மலையை மெல்ல, மிக மெல்ல இறங்கினான்.